நோயாளியின் கழுத்துக்கு முன் ஜெலட்டின் கழுத்து

சென்ட்ரல் லைன் (பெரிய சிரைக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) போடப் பழகுபவரின் முதல் குத்து நோயாளியின் கழுத்தில் விழக் கூடாது. அதற்கு லட்ச ரூபாய் பொம்மை வேண்டியதில்லை; ஜெலட்டினில் வார்த்த கழுத்து போதும்.

ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் ஜெலட்டின், இரண்டு ஸ்பூன் இசப்கோல். இசப்கோல் இல்லாவிட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் வெறும் கறுப்புதான். தசை போன்ற சாம்பல் நிறம் அதனால்தான் வருகிறது. பாதி ஊற்றி உறைந்ததும் இரண்டு குழாய்களைப் படுக்க வையுங்கள்: நீலநீர் நிரப்பிய, சுவர் மெல்லிய ரப்பர் குழாய் சிரை; சிவப்புநீர் நிரப்பிய, சுவர் தடித்த குழாய் தமனி. காற்றுக்குமிழி இருந்தால் அடியில் நிழல் விழும். மீதியை ஊற்றி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். புரோபால் (மேலே வைத்து நகர்த்தும் ஸ்கேன் கருவி) அழுத்தினால் சிரை நசுங்கும், தமனி நசுங்காது.

பெரும்பாலோர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். குறுக்குவெட்டில் தெரியும் வெள்ளைப் புள்ளி ஊசியின் நுனியா, தண்டா? இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். புள்ளி மறையும்வரை புரோபை முன்னே நகர்த்தி, மறுபடி தெரியும்வரை ஊசியைச் செலுத்த வேண்டும். இல்லையேல் சிரையின் பின்சுவரும் துளைபடும். சிரிஞ்சில் சிவப்பு ஏறினால் விளக்கமே தேவையில்லை.

அடுத்து, ஊசி வழியாகச் சிரைக்குள் விடும் வழிகாட்டிக் கம்பி, அதாவது ஒயர். அது 20 செ.மீ. தாண்டினால் இதயத் துடிப்பு தடுமாறலாம். ஜெல்லிக்கு இதயமில்லை; பயிற்றுநர்தான் வாயால் பீப் அடிக்க வேண்டும்! டைலேட்டருக்கு (துளையை அகலமாக்கும் கருவி) முன் ஒயர் சிரைக்குள் இருப்பதை ஸ்கேனில் பார்த்தே ஆக வேண்டும். ஒயரைக் கையிலிருந்து விடவே கூடாது.

ஊசித்தடம் நிறைந்ததும் உருக்கி மறுபடி வார்க்கலாம்.