தலைக்கும் இல்லை, சாமிக்கும் இல்லை

ஏப்ரல் 9, புதன்

விடியும் முன்பே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை பங்குனி உத்திரம். நாளைக்கு என்றால் விலையைக் கேட்கவே பயமாக இருக்கும். சம்பங்கி தண்டோடு வேண்டும் என்றதும் வியாபாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இங்க எல்லாம் உதிரிதாம்மா, கிலோ கணக்கு. தண்டுன்னா மேடை ஜோடிக்கிறவங்க வாங்குற கடையில கேளுங்க." கேட்டேன், கிடைத்தது. பத்துத் தண்டு சம்பங்கி, ஒரு கட்டு மரிக்கொழுந்து, நாலு கோழிக்கொண்டை.

வீட்டில் பூ ஜாடி ஏது? பரணில் கிடந்த பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். வாய் அகலம் என்பதால் தண்டெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது. இரண்டு வேப்பங்குச்சியை அளவாக நறுக்கி, வாய்க்குள் கூட்டல் குறி மாதிரி இறுக்கினேன். நாலு அறை ஆயிற்று. அப்புறம் வைத்தது வைத்தபடி நின்றது.

அத்தை பார்த்துவிட்டு, "தலைக்கும் இல்ல, சாமிக்கும் இல்ல. பெறகு எதுக்கும்மா இம்புட்டுப் பூ?" என்றார்.

"சும்மா பாக்கத்தான் அத்தை."

ஏப்ரல் 10, வியாழன்

ஒரே ராத்திரியில் தண்ணீர் கலங்கி நாறுகிறது. தப்பு என்னுடையதுதான். மரிக்கொழுந்தின் அடி இலையை உருவாமல் அப்படியே செருகியிருந்தேன். தண்ணீரில் முங்கிய இலை அழுகும். அதில் பெருகும் பாக்டீரியா தண்டின் வெட்டுவாயை அடைத்துவிடும். செம்பு நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் தொங்கும். இலையை உருவி, செம்பைக் கழுவி, தண்டின் அடியை ஒரு விரற்கடை சாய்வாக நறுக்கி வைத்தேன். மதுரை வெயிலுக்குத் தினமும் தண்ணீர் மாற்றியே ஆக வேண்டும்.

ஏப்ரல் 12, சனி

சம்பங்கி அடியிலிருந்து மேலே மேலே மலர்கிறது. கீழே பழுப்பேறியதைக் கிள்ளினால் போதும், தண்டு பார்க்க அழகாகவே இருக்கிறது. உத்திரத்துக்கு வந்த வாழைப்பழச் சீப்பைச் செம்பின் பக்கத்திலிருந்து நகர்த்தினேன். பழுக்கிற பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாடவைக்கும்.

மல்லியை மட்டும் செம்பில் வைக்க வழியில்லை. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூவாக இருந்தால் என்ன, செருகக் காம்பு வேண்டாமா! உருளியில் தண்ணீர் ஊற்றி மொட்டுகளை மிதக்கவிட்டேன். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒவ்வொன்றாக வாய் திறந்தன. அத்தை டீ டம்ளரோடு வந்து உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை 1. தெருமுனை மரத்திலிருந்து இரண்டு கொத்து சரக்கொன்றை. மத்தியானத்துக்குள் பாதி கொட்டிவிட்டது. பச்சடிக்கு வேப்பம்பூ வறுத்துக்கொண்டிருந்த அத்தை, நான் விளக்குமாற்றை எடுத்ததும், "பெருக்காத, கெடக்கட்டும்" என்றார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

எழுந்து வந்தால் செம்பில் புதுத் தண்ணீர். அரிவாள்மனைக்குப் பக்கத்தில், சாய்வாக நறுக்கிய சம்பங்கித் தண்டின் துண்டுகள்.