"பையன் தேறிட்டானுங்களே சிஸ்டர்"

"பையன்தான் தேறிட்டானுங்களே சிஸ்டர், இனி இதெ எடுத்துட்டுப் போயி என்ன பண்றதுங்க?"

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்யாண விருந்துக்கு அப்புறம் தெருவே வாந்தியும் பேதியுமாகக் கிடந்து எழுந்த வாரம். மலம் எடுத்துத் தர டப்பாவை நீட்டி, இந்த வாந்திபேதி நோரோ வைரஸாக இருக்கலாம், அதில் எந்த வகை என்று பார்க்கணும் என்றேன். உங்க பையனுக்கு இதனால ஒண்ணும் ஆகாதுங்க அக்கா, இனி வரப்போறவங்களுக்குத்தான் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"சரி, ஆருக்காச்சும் ஆகட்டுமுங்க" என்று டப்பாவை வாங்கிக்கொண்டார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. 1990களின் நடுவிலிருந்து உலகெங்கும் அதிகம் பரவியது நோரோவில் ஜி டூ ஃபோர் (GII.4) என்ற வகை, அது சில வருடத்துக்கு ஒருமுறை மேலுறைப் புரதத்தை மாற்றிக்கொண்டு வரும், 2012இல் சிட்னி பெயரில் அறியப்பட்டது அப்படி வந்ததுதான். 2014-15 குளிர்காலத்தில் சீனாவிலும் ஜப்பானிலும் ஜி டூ 17 என்ற இன்னொரு வகை அதை முந்திக்கொண்டு பரவியது. இதெல்லாம் தெரியவந்ததே யாரோ ஒரு வீட்டில் டப்பாவை நீட்டியதால்தானே? தேறின பிறகும் இரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும், மலத்தில் வைரஸ் வரும் என்பதால் பையன் தேறியது ஒரு தடையும் இல்லை.

ஆனால் முடிவு வந்தபோது நோரோ, ஜி டூ குழு என்று மட்டும் இருந்தது. எந்த வகை என்று சொல்ல மரபணு வரிசையைப் படிக்கணும், எல்லா மாதிரியையும் அப்படிப் படிப்பதில்லை. நோரோதான் என்று உறுதியானதே பெரிய விஷயம், அதைக் காட்டித்தான் வாந்தி நின்று இரண்டு நாள் ஆகாத சமையல்காரர்களை அடுத்த விருந்துக்குப் போகவிடாமல் நிறுத்தினோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது உண்மையும்தான். அப்புறம் யோசித்தால், வகை தெரிந்திருந்தாலும் அந்தத் தெருவில் செய்வது ஒன்றும் மாறியிருக்காது. அதே ஓஆர்எஸ், கிணற்றுக்கு அதே பிளீச்சிங் பவுடர், சானிடைசரை நம்பாமல் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க என்ற அதே பேச்சு. அப்படியிருக்க, வகையைச் சொல்லியா கேட்டிருக்கணும்? சொல்லாமல் கேட்டிருந்தால் அவர் தந்திருப்பாரா?

அவர் தந்தது முன்பின் தெரியாத யாருக்காகவோ. அது அந்த யாரோவுக்குப் போய்ச் சேராத விஷயத்தை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்க முடியவில்லை. சொன்னால் அடுத்த முறை அந்தத் தெருவில் ஒருவரும் டப்பாவை வாங்கமாட்டார்களோ என்ற பயமும் இருக்கிறது.