எட்டில் இரண்டு கொண்டை ஊசி வளைவு

ரயில் மாடல் செய்கிறவன் தண்டவாளமே இல்லாத பலகை ஒன்றை ஆரம்பித்தால் வீட்டில் சிரிக்கத்தான் செய்வார்கள். "ரயில் எங்கண்ணே ஓடும்?" என்று தம்பி கேட்டான். ஓடாது. இந்த முறை ரோடு மட்டும்தான். ஆனால் அந்த ரோட்டைப் போட வைத்தவர் ரயில்வே ஆள்.

பெயர் சாம் ஹில். 1857இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். மினியாபொலிஸில் வக்கீலாக இருந்தபோது ஜேம்ஸ் ஜே. ஹில்லின் ரயில்வே மேலேயே வழக்குப் போட்டு ஜெயித்தார். கிரேட் நார்தர்ன் ரயில்வேயை உருவாக்கிய அந்த ஜேம்ஸ், எதிர்க்கட்சி வக்கீலை வேலைக்கு எடுத்துக்கொண்டார். 1888இல் பெண்ணையும் கொடுத்தார். மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே குடும்பப்பெயர் என்பது தற்செயல்தான், முன்னாடி எந்த உறவும் கிடையாது.

ஸ்டேஷன் வரைக்கும் விளைச்சலைக் கொண்டுவர முடியாமல் விவசாயியின் வண்டி சேற்றில் புதைந்து கிடந்தால் சரக்கு ரயிலுக்கு என்ன கிடைக்கும்? ரயில்காரருக்கு ரோட்டின் மேல் வந்த அக்கறைக்கு இந்தக் கணக்கே போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் மனிதர் கணக்கோடு நிற்கவில்லை. 1899இல் வாஷிங்டன் மாநில நல்ல சாலைகள் சங்கத்தைத் தொடங்கினார். "நல்ல சாலைகள் எனக்குப் பொழுதுபோக்குக்கும் மேல், அவை என் மதம்" என்றார். கொலம்பியா ஆற்றுக்கு மேலே மேரிஹில்லில் நிலம் வாங்கி, 1909 முதல் 1913 வரை சொந்தக் காசு சுமார் 1,00,000 டாலர் போட்டு 10 மைல் சோதனைச் சாலை போட்டார். மேல்தளம் மட்டும் ஏழு விதம். அதில் மலையேறும் துண்டில் 25 வளைவுகள், அவற்றில் எட்டு கொண்டை ஊசி. அந்தத் துண்டைத்தான் 1:160 அளவில் செய்ய உட்கார்ந்தேன்.

முதல் வாரம் மொத்தமும் வீண். படத்தைப் பார்த்துக் கண்மதிப்பில் தெர்மாகோலை வெட்டினேன். வளைவின் ஆரம் 12 செ.மீ. அரை வட்டம் சுற்றி முடிக்கும்போது ரோடு 5 செ.மீ. ஏறியிருந்தது. பார்க்க ஜோர்தான். டேப்பை வைத்து அளந்தால் நீளம் 38 செ.மீ., அதாவது ஏற்றம் 13 சதவீதம். சாம் ஹில்லின் இன்ஜினியர் சாமுவேல் லங்காஸ்டர் 5 சதவீதத்தைத் தாண்ட விட மாட்டார். பின்னால் ஆற்றின் அக்கரையில் ஒரிகன் மாநிலத்துப் பக்கம் போட்ட கொலம்பியா ஆற்று நெடுஞ்சாலையிலும் அவருக்கு அதே விதி, அங்கே வளைவின் ஆரமும் 100 அடிக்குக் குறையக் கூடாது. 100 அடியை 160ஆல் வகுத்தால் 19 செ.மீ. அரை வட்டம் 60 செ.மீ. வரும், அதில் ஏறக்கூடிய உயரம் 3 செ.மீ.தான்.

நாலுக்கு இரண்டடிப் பலகையில் இது அடங்காது. நாலுக்கு மூன்று வாங்கினேன், அதிலும் இரண்டு வளைவுதான் உட்கார்ந்தது. ஒரு பென்சிலை நிறுத்தினால் அந்த உயரத்துக்கு ஏறவே மூன்றரை மீட்டர் ரோடு வேண்டியிருக்கிறது. ரயில் மாடலில் எத்தனையோ வருஷமாகக் கிரேடியன்ட் பார்த்துப் பழகியவன் நான், ரோடுதானே என்று அலட்சியமாக விட்டேன். லங்காஸ்டர் விடவில்லை. அவரும் இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேயில் வேலை பார்த்து வந்தவர்தான்.

அடுத்து மேல்தளம். மெக்காடம் என்ற ஜல்லி ரோடு என்றால் அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்னது, கடைசியில் பொடி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அழுத்த வேண்டும். எம்-சாண்டை ரவை சல்லடையிலும் டீ வடிகட்டியிலும் சலித்து மூன்றாகப் பிரித்தேன். (சல்லடை அம்மாவுடையது. இப்போது புதுசு வாங்கிக் கொடுத்தாயிற்று.) ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியதும் பொடி மொத்தமும் வளைவின் உள்பக்கம் வழிந்து குட்டிச் சேறாக நின்றது. இரண்டாம் தடவை முதலில் வெறும் தண்ணீரை ஸ்ப்ரே செய்து, பசையை ஊசி போடும் சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விட்டேன். பழைய பேனா மூடியை உருட்டி அழுத்தினேன். நின்றுவிட்டது. தார் நிறத்துக்குக் கறுப்பு மட்டும் அடித்தால் பொம்மை மாதிரி இருக்கிறது, கொஞ்சம் பழுப்பு கலக்க வேண்டும்.

1913இல் ஒரிகன் ஆளுநரையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் சாம் ஹில் இந்தச் சாலைகளைக் காட்டக் கூட்டி வந்தார். அந்த வருஷமே ஒரிகனில் நெடுஞ்சாலை ஆணையம் வந்தது. பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் செய்தே காட்டிய ஆள். என்னைப் போன்றவர்களுக்குப் பிடிக்காமல் போகுமா?

பலகையின் மூலையில், இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹென்ஜ் மாதிரியே அவர் கான்கிரீட்டில் கட்டியதையும் வைக்கிறேன். நிஜத்தில் அது இந்த ரோட்டை ஒட்டி இல்லை, இடம் மிச்சமிருந்ததால் எடுத்துக்கொண்ட சலுகை. முதல் உலகப் போரில் இறந்த அந்த வட்டாரத்து வீரர்களுக்கு 1918இல் தொடங்கி 1929இல் முடித்த நினைவிடம். கல் மாதிரிச் சொரசொரப்பு வர, மரப்பலகை அச்சுக்குள் கசக்கிய தகரத்தை வைத்துக் கான்கிரீட் ஊற்றினார்களாம். நான் சமையல் ஃபாயிலைக் கசக்கி அட்டை அச்சுக்குள் வைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றினேன். மூன்று சென்டிமீட்டர் தூண், உரித்துப் பார்த்தால் அசல் பாறை! வெளிவட்டத்துக்கு 30 வேண்டும். 11 தேறியது, நாலு உரிக்கும்போதே முறிந்தது. ஃபாயில் சுருள் தீர்ந்துவிட்டது, அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.