ஏடாஸ் கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பகுதியில் 2020 முதல் ஓட்டுநரே இல்லாத வேமோ டாக்சிகள் ஓடுகின்றன. மதுரைக்கு அது வர நாளாகும். இங்கே ஏடாஸ் (ADAS, ஓட்டுநருக்கு உதவும் அமைப்பு) என்று விற்கும் கார்களில் இருப்பது அதிகபட்சம் லெவல் 2 தான்; அதாவது ஸ்டியரிங், வேகம், பிரேக்கில் கார் உதவும், அவ்வளவே. ஸ்டியரிங்கில் கை இருந்தே ஆகணும், பொறுப்பும் ஓட்டுபவருடையதே.

முன் கண்ணாடியின் மேற்பகுதியில் கேமரா, பெரும்பாலும் பம்பருக்கோ கிரில்லுக்கோ பின்னால் ரேடார். கண்ணாடியை மாற்றினால் கேமராவைக் கட்டாயம் கேலிபரேஷன் (சரியான கோணத்துக்கு அளவீடு) செய்யச் சொல்லுங்கள். கேமரா ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் 50 மீட்டர் தூரத்தில் 87 சென்டிமீட்டர் விலகிவிடும். பக்கத்து லேனில் போகும் பைக் உங்களுக்கு நேர் முன்னால் போவதாகக் கணக்குப் போட்டு, தேவையில்லாமல் பிரேக் பிடிக்கும். பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும்?

கேலிபரேஷனுக்கு முன் வீல் அலைன்மென்ட்டை முடித்துவிடுங்கள். டயர் காற்று சரியான அளவில், டிக்கி காலியாக, தரை சமமாக இருக்கணும். பம்பரில் பட்டி கனமாகப் பூசி பெயிண்ட் அடித்தாலும் ரேடார் தடுமாறும். பம்பருக்கு முன்னால் மாட்டும் புல் பார் கம்பியும் ரேடாரை மறைக்கும், வேண்டவே வேண்டாம்.

கீழமாசி வீதியில் லேன் உதவி பயன்படாது. பிடித்து நடக்கக் கோடு வேண்டுமே. மேலூர் நான்குவழிச் சாலையில் நன்றாக வேலை செய்யும். ஆனால் அங்கேதான் பெரிய ஆபத்து: இரவில் விளக்கில்லாமல் ஓரங்கட்டிய லாரி. அசையாத பொருளைப் பல ரேடார்கள் அதிவேகத்தில் பொருட்படுத்தாது. அந்த நேரத்தில் க்ரூஸை (வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி) அணைத்துவிட்டு நீங்களே ஓட்டுங்கள்.