நீலக் கலத்துக்குப் புதுத் தோல்

போன கோடையில் டென்மார்க்கின் ஹெர்னிங் நகரில் ஒரு பழைய சாமான் கடையில், சப்பாத்துப் பெட்டி ஒன்றுக்குள் நீலமும் சாம்பலுமாகக் கொஞ்சம் லெகோ கட்டைகள் கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் கண்ணாடித் துண்டு ஒன்று. அதைக் கண்டதுமே தெரிந்துவிட்டது, இது 928 ஆம் எண் செட். 1979 இல் வந்த லெகோ விண்கலம். அமெரிக்காவில் கேலக்ஸி எக்ஸ்புளோரர் என்ற பெயரில், 497 என்ற எண்ணோடு விற்றார்கள். 150 குரோனர் கொடுத்து வாங்கினேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் டென்மார்க்குக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது. பக்கத்து வீட்டுப் பையனிடம் இந்தக் கலம் இருந்தது. அவன் பேசியது எனக்குப் புரியாது, நான் பேசியது அவனுக்குப் புரியாது. பின்கதவைத் திறந்து உள்ளே இருக்கும் குட்டி வண்டியை இறக்குவதும், திரும்ப ஏற்றுவதுமாகவே எத்தனையோ பின்னேரங்கள் போயின. என்னுடைய முதல் சிநேகிதம் அது.

பெட்டியில் 338 துண்டுகள் இருந்திருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் அறுபதுக்கு மேல் இல்லை. தொலைந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கிப் பழையபடியே கட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதி கட்டியதை மகளிடம் காட்டினேன். அவளுக்குப் பதினொரு வயது. "அப்பா, இதென்ன முழுக்கக் குமிழ் குமிழாக் கிடக்கு?" என்றாள். அவள் வளர்ந்தது வழுவழுப்பான புது செட்டுகளோடு. அவளுக்காக இதைப் புதுக் கலமாக மாற்றுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

லெகோவே இதைச் செய்திருக்கிறது. நிறுவனத்தின் 90 ஆவது ஆண்டில், 2022 இல், 10497 என்ற எண்ணில் புது கேலக்ஸி எக்ஸ்புளோரர் வந்தது. 1254 துண்டுகள், 52 செ.மீ நீளம். அருமையான வேலை. ஆனால் அதன் அழகில் பெரும்பங்கு அதன் பருமனில் இருக்கிறது. பெரிதாக்கினால் வளைவுகளுக்கும் மடங்கும் கால்களுக்கும் இடம் தாராளமாகக் கிடைக்கும். எனக்கு அது வேண்டாம். பழைய கலத்தின் அளவிலேயே, ஒரு பிள்ளை கையில் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் ஓடக்கூடியதாக, பார்வை மட்டும் புதிதாக வேண்டும்.

முதல் வேலை பக்கச் சுவர். அந்தக் காலத்தில் கட்டையைப் பெரும்பாலும் மேல்நோக்கியே அடுக்கினார்கள். அதனால் பக்கத்தில் பார்த்தால் ஒவ்வொரு கட்டையின் பொருத்தும் கோடாகத் தெரியும். இன்றைக்குக் கட்டையைப் பக்கவாட்டில் திருப்பியும் பூட்டுகிறோம். அதற்கு உதவுவது ஹெட்லைட் பிரிக், பக்கத்தில் ஒரு குமிழ் உள்ள சின்னக் கட்டை. ஆனால் கணக்குப் பிசகக் கூடாது. ஒரு பிளேட்டின், அதாவது தட்டையான கட்டையின், தடிப்பு 3.2 மி.மீ, குமிழுக்குக் குமிழ் தூரம் 8 மி.மீ. ஐந்து பிளேட்டை அடுக்கினால் 16 மி.மீ, அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். இந்த ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கு கைக்கு வந்துவிட்டால் பாதிக் கலை வந்த மாதிரி. என் சுவரில் நான்கு பிளேட் உயரம்தான் இருந்தது. ஒரு பிளேட் தடிப்புக்கு வெளிச்சம் உள்ளேயிருந்து தெரிந்துகொண்டே இருந்தது. தரையைக் கழற்றி ஒரு பிளேட் உயர்த்திய பிறகுதான் அந்த இடைவெளி அடைபட்டது. மூன்று இரவு போயிற்று.

அடுத்தது சாம்பல். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தை மாற்றியது. பழையது கொஞ்சம் மஞ்சள் கலந்தது, புதியது நீலம் கலந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், வேறு துணியில் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும். வளைவுக் கட்டைகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வந்தவை. பழைய சாம்பலில் கிடைக்கவே கிடைக்காது. நீலம் அப்படி மாறவில்லை. ஆகவே புது வடிவங்கள் எல்லாம் நீலத்தில், சாம்பல் முழுக்கப் பழைய பிளேட்டுகளிலேயே என்று பிரித்துவிட்டேன். இறக்கைகளின் குமிழ்களை அப்படியே விட்டதும் அதனால்தான். முழுக்க டைல், அதாவது குமிழில்லாத வழுவழுப்பான தட்டைக் கட்டை, போட்டு மூடினால் லெகோ என்ற அடையாளமே போய்விடும், இது என் உறுதியான எண்ணம்.

பழைய கட்டைகளின் மஞ்சள் பூத்த தோற்றத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறப்போட்டு வெயிலில் வைப்பார்கள். சாம்பல் பிளேட்டுகள் நன்றாகத் தெளிந்து வந்தன. இரண்டு நீலச் சரிவுக் கட்டைகளை மட்டும் யன்னலோரம் இரண்டு நாள் கூடுதலாக விட்டுவிட்டேன். வெளிறி, புகை படிந்த மாதிரி திட்டுத் திட்டாகிவிட்டன. 1979 இன் நீலத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. இன்னும் மனம் கேட்கவில்லை. நீங்கள் செய்வதானால் மணிக்கொரு தடவை பாருங்கள்.

மஞ்சள் கண்ணாடியை மாற்றவில்லை. ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது, இருக்கட்டும். நீலக் கலத்துக்கு மஞ்சள் யன்னல், அதைப் பார்த்துத்தானே நான் பெட்டியை அடையாளம் கண்டேன்! பெட்டியில் கிடந்த வெள்ளை விண்வெளி வீரரின் ஹெல்மெட் நாடியடியில் உடைந்திருந்தது. அந்தக் காலத்து ஹெல்மெட்டின் பட்டி மெல்லியது, பெரும்பாலும் அங்கேதான் உடையும். புது ஹெல்மெட் தடிப்பாக வருகிறது, ஒன்று வாங்கியும் வைத்திருந்தேன். மகள் விடவில்லை. "அவர்தானே இவ்வளவு காலமும் ஓட்டினவர்" என்று உடைந்ததோடேயே முன் இருக்கையில் இருத்தினாள்.

முடித்த அன்று அவள் கலத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறினாள். பின்கதவு திறந்து குட்டி வண்டி படியில் விழுந்து உருண்டது. உள்தரையை நான் டைல் போட்டு வழுவழுப்பாக்கியிருந்தேன். பழைய தரையில் சக்கரங்கள் குமிழ்களுக்கு நடுவே பதிந்து நிற்கும். புதுத் தரையில் பிடிமானம் இல்லை. அன்றிரவே நடுவில் இரண்டு வரிசை டைல்களைக் கழற்றினேன். இப்போது வண்டி அசையாமல் நிற்கிறது.