டி.டி.கே. சாலையும் என் முதல் பாடமும்

ஆழ்வார்பேட்டைப் பக்கம் போனால் டி.டி.கே. சாலையைத் தாண்டாமல் வர முடியாது. போன வாரம் என் பேத்தி கேட்டாள், "தாத்தா, இது குக்கர் கம்பெனி பேரா?" இது டி.டி. கிருஷ்ணமாச்சாரி என்கிறவர் பேர், கம்பெனியும் அவர் ஆரம்பித்ததுதான், ஆனால் மனிதர் அதைவிடப் பெரியவர் என்றேன்.

எல்.ஐ.சி.யில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். சேர்ந்த புதிதில் என் சீனியர் முதலில் சொல்லிக்கொடுத்தது பிரீமியம் கணக்கு இல்லை, எல்.ஐ.சி. பணம் தப்பாகப் போய் டி.டி.கே. பதவி இழந்த முந்த்ரா விவகாரம். "பாலிசிதாரர் பணம்ப்பா, நம்ம பணம் இல்லை" என்றுதான் ஆரம்பித்தார்.

டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1928-இல் சென்னையில் கம்பெனி தொடங்கி, சோப்பு, சாக்லேட், ஹார்லிக்ஸ் எல்லாம் தெற்கே கடைகடையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். 1937-இல் சுயேச்சையாக நின்று சட்டசபைக்குப் போனார். காங்கிரஸ் எல்லாம் அப்புறம்தான். அரசியலமைப்பு வரைவுக் குழுவிலும் இருந்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்த இடம் அதுதான். ஏழு பேர் கொண்ட குழுவில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், இப்படியே போய்க் கடைசியில் பாரம் முழுக்க அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்து சொன்னார். தானும் அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்துகொண்டு அப்படிச் சொல்ல மனசு வேண்டும்.

1956-இல் மத்திய நிதி அமைச்சர். அடுத்த வருடமே செல்வ வரி, செலவு வரி இரண்டையும் கொண்டுவந்தார். பணக்காரர் சொத்துக்கு ஒன்று, அவர்கள் செய்யும் செலவுக்கு ஒன்று. பணம் எங்கே தங்கும், எப்படி நகரும் என்று தொழில் செய்து பார்த்தவர். தன்னைப் போன்ற பணக்காரர்களுக்கே வரி போட்டார் என்பதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

அதே 1957-இல்தான் எங்கள் எல்.ஐ.சி. பணம் ஏறக்குறைய 1.24 கோடி ரூபாய், தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிப் பங்குகளில் போனது. எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவைக் கேட்கவே இல்லை. நாடாளுமன்றத்தில் அதைக் கிளப்பியவர் பெரோஸ் காந்தி, பிரதமரின் மருமகன். நீதிபதி சக்ளா பம்பாயில் எல்லோர் முன்னிலையிலும் விசாரித்தார். தான் ஒப்புதல் தரவில்லை என்றார் டி.டி.கே. நிதித்துறைச் செயலாளர் செய்தாலும் பொறுப்பு அமைச்சருடையதுதான் என்றார் சக்ளா. 1958 பிப்ரவரியில் ராஜினாமா. அவர் பாக்கெட்டுக்குப் பணம் போனதாக சக்ளா சொல்லவில்லை. ஆனாலும் சக்ளா சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். சொந்தக் கம்பெனியில் குமாஸ்தா செய்த தப்புக்கு முதலாளிதானே நஷ்டம் கட்டுவார்?

அதோடு அவர் ஒதுங்கிவிடவில்லை. 1962-இல் திருச்செந்தூரில் போட்டியே இல்லாமல் ஜெயித்தார், 1963-இல் மறுபடி நிதி அமைச்சரானார். சிறு சேமிப்பாளர் பணத்தைப் பங்குகளில் போடும் யூனிட் டிரஸ்ட், தொழில்களுக்குக் கடன் கொடுக்க வந்த ஐ.டி.பி.ஐ. இரண்டும் அந்தக் காலத்தில் வந்தவைதான். 1965 முடியும்போது மீண்டும் பதவி விலகினார்.

என் சீனியர் இப்போது இல்லை. ஓய்வுபெறும் நாள் வரைக்கும் எந்த ஃபைல் வந்தாலும் பேனாவை மூடி வைத்துவிட்டு, மேலிருந்து இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.