இரண்டாவது பந்து

2020 ஜூலை 13, திங்கள் இரவு

ஜெயித்துவிட்டோம். விக்கம் வாண்டரர்ஸ் 2, ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட் 1. எங்கள் ஊர் அணி சாம்பியன்ஷிப்புக்குப் போகிறது. நூற்று முப்பது வருடத்துக்கும் மேல் வயதான கிளப் இது. சாம்பியன்ஷிப் என்பது இங்கிலாந்து கால்பந்தின் இரண்டாம் அடுக்கு. அதில் இதுவரை ஒரு நாள்கூட ஆடியதில்லை.

லண்டன் வெம்பிளி மைதானத்தில் தொண்ணூறாயிரம் இருக்கைகள். கொரோனாவால் ஒன்றில்கூட ரசிகர் இல்லை. ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது டீவியில் அப்படியே கேட்டது. ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே ஆண்டனி ஸ்டுவர்ட் ஒரு கோல் போட்டார். இரண்டாம் பாதியில் மார்க் சைக்ஸ் சமன் செய்தார். 79வது நிமிடம் எங்களுக்குப் பெனால்டி. ஜோ ஜேக்கப்சன் ஓடி வந்தபோது நான் சமையலறைக்குப் போய்விட்டேன். மகன் கத்திய கத்தில்தான் கோல் என்று தெரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் என் கண் தேடியது மேட் ப்ளூம்ஃபீல்டை. 36 வயது. 2003 டிசம்பரில் இப்ஸ்விச்சிலிருந்து வந்தபோது 19 வயது. அன்றிலிருந்து இதே கிளப், இதே நடுக்களம்.

"அப்பா, அவர் எத்தனை வருஷமா இங்க ஆடுறார்?" என்று மகன் கேட்டான். அவனுக்கு ஒன்பது வயது. நீ பிறக்கறதுக்கு எட்டு வருஷம் முன்னாலிருந்து என்றேன். அவன் நம்பவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

2020 ஜூலை 18, சனி

அலுவலகக் குழுவில் ஒருவர், "எட்டாம் இடத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பரிசு" என்று எழுதியிருந்தார். மனசு கேட்கவில்லை, பதில் எழுதினேன். தொற்றால் சீசனை நடுவிலேயே முடித்தார்கள். ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கில் வரிசையைப் போட்டார்கள். அதில் எட்டிலிருந்து மூன்றுக்கு வந்தோம், உண்மைதான். ஆனால் பலரைவிட நாங்கள் ஓர் ஆட்டம் குறைவாக ஆடியிருந்தோம். அப்புறம் ப்ளே-ஆஃபில், அதாவது மேல் அடுக்குக்குப் போவதற்கான கடைசிச் சுற்றில், ஃப்ளீட்வுட்டுக்குப் போய் நான்கு கோல் போட்டதும் யாரும் கொடுத்த பரிசு இல்லை.

ப்ளூம்ஃபீல்டைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அவர் எத்தனை கோல் போட்டார் என்று கேட்டால் அவரைப் புரியவைக்க முடியாது. அவர் வேலையை மைதானத்தில் நின்று பார்க்க வேண்டும்.

எங்கள் கோல்கீப்பர் பந்தை ஓங்கி உதைப்பார். பந்து வானத்தில். கூட்டம் முழுக்க அண்ணாந்து எங்கள் முன்கள ஆட்டக்காரர் அகின்ஃபென்வாவைப் பார்க்கும். அந்த மலை மாதிரி மனிதரும் எதிரணித் தடுப்பாட்டக்காரரும் சேர்ந்து எம்புவார்கள். பந்து யார் தலையிலோ பட்டு எங்கோ தெறிக்கும். அப்படித் தெறித்து விழுவதைத்தான் இங்கே 'இரண்டாவது பந்து' என்பார்கள். கீழ் லீக்குகளில் பாதி ஆட்டம் அந்தப் பந்தில்தான் இருக்கிறது.

ஒரு நாள் நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ப்ளூம்ஃபீல்டை மட்டும் பார்த்தேன். பந்து உயரத்தில் இருக்கும்போது அவர் ஒரே ஒருமுறை அண்ணாந்து பார்க்கிறார். பிறகு பார்வை இறங்கிவிடுகிறது. எம்பப் போகும் இருவரின் தோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கிறார். அவர்கள் தரையை விட்டுக் கிளம்பும் முன்பே மூன்று நான்கு தப்படி நகர்ந்துவிடுகிறார். பந்து அவர் காலடியில் விழுகிறது. ஒரே தட்டு, பக்கவாட்டில் நிற்பவருக்கு. அதற்குள் அடுத்த இடத்துக்கு ஓட ஆரம்பித்துவிடுகிறார். கைதட்டல் பந்து வாங்கியவருக்குப் போகும். அன்று முதல் பாதியில் இப்படி ஏழு முறை எண்ணினேன்.

2020 ஜூலை 19, ஞாயிறு

நேற்று விட்ட இடத்திலிருந்து.

அவர் வந்தபோது மேலாளர் டோனி ஆடம்ஸ், ஆர்சனலின் பழைய கேப்டன். வந்த சில மாதத்திலேயே, 2004-ல், அணி நான்காம் அடுக்குக்கு இறங்கியது. 2009-ல் ஏறியது. 2010-ல் இறங்கியது. 2011-ல் ஏறி 2012-ல் மறுபடி இறங்கியது. 2018-ல் ஏற்றம், இப்போது இன்னொரு ஏற்றம். நான்கு ஏற்றம், மூன்று இறக்கம், ஒரே மனிதர்.

இதற்கு நடுவில் 2007 ஜனவரி. நான்காம் அடுக்கான லீக் டூவில் இருந்துகொண்டே லீக் கோப்பை அரையிறுதிக்குப் போய், மொரீன்யோவின் செல்சியை எங்கள் மைதானமான ஆடம்ஸ் பார்க்கில் 1-1 என்று நிறுத்திய இரவு. மறு ஆட்டத்தில் லண்டனில் 0-4 தோல்வி. அந்த 1-1 இரவில்தான் கூட வேலை செய்த ஒருவர் என்னை முதன்முதலாக மைதானத்துக்குக் கூட்டிப்போனார். ஊருக்குப் புதிது, குளிர் எலும்பில் இறங்கியது. கால்பந்தைப் பற்றி எதுவும் தெரியாது. ஜெர்மைன் ஈஸ்டர் சமன் செய்த கணத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு இது என் ஊர்.

2014 மே 3-ஐ எழுதாமல் விட முடியாது. கடைசி நாள். தோற்றால் லீக்கை விட்டே வெளியே. ஜெயித்தாலும் போதாது, பிரிஸ்டல் ரோவர்ஸ் போல எங்களுக்கு மேலே இருந்த ஓர் அணி தோற்க வேண்டும். நாங்கள் டார்கேயில் ஆடினோம். நான் வீட்டில் அரிசி களைந்துகொண்டே ரேடியோ கேட்டேன். மூன்று வயது மகன் காலைக் கட்டிக்கொண்டு நின்றான். எங்கள் ஆட்டம் 3-0. அங்கே மான்ஸ்ஃபீல்டிடம் ரோவர்ஸ் 0-1. இரண்டு அணிக்கும் 50 புள்ளி, கோல் வித்தியாசத்தில் நாங்கள் பிழைத்தோம். களைந்த அரிசி எவ்வளவு நேரம் தண்ணீரிலேயே கிடந்தது என்று தெரியாது, அன்று சோறு குழைந்துபோனது.

அன்று விழுந்திருந்தால் ஜூலை 13 ஏது?

2021 மே 8, சனி

மிடில்ஸ்பரோவில் 3-0 என்று ஜெயித்தும் இறங்கிவிட்டோம். எங்களுக்கு மேலே இருந்த டார்பி 3-3 சமன். அவர்களுக்கு 44, எங்களுக்கு 43. ஒரே ஒரு புள்ளி.

ப்ளூம்ஃபீல்டுக்கு இது நான்காவது இறக்கம். நான்கு ஏற்றத்துக்கு நான்கு.

எனக்கு வலிப்பது இறக்கம் இல்லை. பதினேழு வருடம் காத்திருந்து அவர் அந்த அடுக்குக்கு வந்தார். டிசம்பரில் கொஞ்ச நாள் சிலரை உள்ளே விட்டதைத் தவிர மைதானம் காலி. அவர் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டிய ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

இன்று எழுத இவ்வளவுதான்.

2021 ஆகஸ்ட் 29, ஞாயிறு

இந்த மாதம் எங்களை மறுபடி உள்ளே விட்டார்கள். ஹில்பாட்டம் ரோடு வழியாக, இரண்டு பக்கமும் பட்டறைகள், கிடங்குகள், அந்த ஒரே சாலையில் நடந்து போனோம். சாலை முடியும் இடத்தில் மைதானம். பின்னால் மரங்கள் அடர்ந்த குன்று. அதற்கு மேல் ரெட் கைட் என்ற சிவப்புப் பருந்துகள் வட்டமிடுகின்றன. ஒரு காலத்தில் இங்கே அற்றுப்போன பறவை. 1990 வாக்கில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், இப்போது தலைக்கு மேல் எப்போதும் ஒன்றிரண்டு நிற்கும். மகன் பந்தைப் பார்த்தானா பருந்தைப் பார்த்தானா தெரியாது.

ப்ளூம்ஃபீல்டுக்குத் தலையில் அடி. மூளை அதிர்ச்சி என்கிறார்கள். எப்போது திரும்புவார் என்ற செய்தி இல்லை.

2022 பிப்ரவரி 27, ஞாயிறு

இந்த மாதம் அவர் ஓய்வை அறிவித்துவிட்டார். 38 வயது. தலையில் பட்ட அடிதான் காரணம். 558 ஆட்டங்கள், எல்லாம் விக்கம் சட்டையில்.

ஒரு மிட்ஃபீல்டர் ஆட்டத்துக்கு எத்தனை முறை தலையைக் கொடுக்கிறார்? கோல் கிக், கார்னர், நீளப் பந்து. அதில் முழங்கை படும், மண்டையோடு மண்டை மோதும். முட்டி போனால் ஸ்கேனில் தெரியும், எத்தனை மாதம் என்று சொல்லிவிடுவார்கள். மூளைக்குத் தேதி கிடையாது. விட்டுவிட்டது சரியான முடிவு. அவருக்குக் குடும்பம் இருக்கிறது, இன்னும் நாற்பது வருட வாழ்க்கை இருக்கிறது. ஆனாலும் கடைசியாக ஒருமுறை கைதட்டி வழியனுப்ப முடியவில்லையே என்று தொண்டையில் நிற்கிறது.

பிரீமியர் லீக்கை மட்டும் பார்க்கிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே 20 அணிகள். அதற்குக் கீழே மூன்று லீக்குகளில் 72 அணிகள். சீசனுக்கு 46 லீக் ஆட்டம், செவ்வாய் சனி என்று மாறி மாறி. அங்கே ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம், இரண்டு வருடம். ஜூன் 30-ல் முடியும். மே மாதம் ஒவ்வொரு கிளப்பும் பட்டியல் வெளியிடும்: இவர்கள் இருப்பார்கள், இவர்கள் போகலாம். முப்பது வயதுக்காரர் ஒருவர், வீட்டுக் கடனும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் இருப்பவர், அந்தப் பட்டியலில் தன் பெயரைத் தேடுவார்.

அந்த மே மாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முன்பு நான் வேலை செய்த கிடங்கில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். கடைசி வாரம் வரை வாயே திறக்க மாட்டார்கள். ஒரு தடவை புதுப்பிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை சொன்னார்கள். அந்த வார இறுதியில் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ப்ளூம்ஃபீல்ட் பதினெட்டு வருடம் அந்தப் பட்டியலின் நல்ல பக்கத்திலேயே இருந்திருக்கிறார். மேலாளர்கள் மாறினார்கள், கிளப்பின் சொந்தக்காரர்கள் மாறினார்கள், ஒரு கட்டத்தில் ரசிகர்களின் அறக்கட்டளையே கிளப்பை நடத்தியது. புதிதாக வந்த ஒவ்வொருவரும் அவரைப் பார்த்து, இவர் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். பழைய ஆள் என்ற பாசம் ஒரு வருடம் தாங்கும். பதினெட்டு வருடம் தாங்காது. ஒவ்வொரு கோடையிலும் அவர் தன் இடத்தை மறுபடி சம்பாதித்தார் என்பதுதான் என் கணிப்பு.

மகனுக்குப் பதினொரு வயதாகப் போகிறது. பள்ளி அணியில் நடுக்களம். நேற்று ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "நான் பந்து எடுத்துக் கொடுத்தா அவன் கோல் போடுறான். எல்லாரும் அவனத்தான் தூக்குறாங்க." நான் ஒன்றும் சொல்லவில்லை. இரவு அவனை உட்காரவைத்து ப்ளூம்ஃபீல்டின் பழைய வீடியோ ஒன்றைப் போட்டேன். பந்தைப் பார்க்காதே, இவரை மட்டும் பார் என்றேன். பத்து நிமிடம் கழித்து அவனே நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி போட்டான்.

2023 பிப்ரவரி 26, ஞாயிறு

திரும்பி வந்துவிட்டார், மேலாளராக!

கேரத் எய்ன்ஸ்வொர்த் பத்து வருடத்துக்கு மேல் இந்தக் கிளப்பைக் கட்டி இழுத்தவர். அவர் லண்டனின் க்யூபிஆர் கிளப்புக்குப் போனார். அந்த இடத்துக்கு, கால்செஸ்டர் கிளப்பின் மேலாளராகி ஐந்து மாதம்கூட முடியாத ப்ளூம்ஃபீல்டைக் கூப்பிட்டுவிட்டார்கள். இருவரும் ஒரே நடுக்களத்தில் சேர்ந்து ஆடியவர்கள்.

கால்செஸ்டர் ரசிகர்கள் கோபமாக இருப்பார்கள், அது நியாயம். எனக்குப் பயமும் இருக்கிறது. ஆட்டக்காரராக அவரை இந்த ஊரில் ஒருவர்கூடத் திட்டி நான் கேட்டதில்லை. மேலாளர் நாற்காலி அப்படி விடாது. மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றால் 558-ஐ யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நாற்காலி செய்து பேர் வாங்கிய ஊர் இது, அதனால்தான் அணிக்கு 'சேர்பாய்ஸ்' என்று பெயர். அந்த ஊரில் இந்த ஒரு நாற்காலி உறுதியாக இருக்கட்டும்.

2024 ஏப்ரல் 7, ஞாயிறு

கீழ் லீக்குகளுக்கான கோப்பையான ஈஎஃப்எல் டிராஃபியின் இறுதி. வெம்பிளியில் இந்த முறை நாங்களும் இருந்தோம். பீட்டர்பரோவிடம் 1-2 தோல்வி. எல்லா கோலும் கடைசி நேரத்தில். ரயிலில் மகன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். அவனுக்குப் பக்கத்தில் இடம் தந்த பீட்டர்பரோக்காரர் பேச்சுக் கொடுத்தார். "உங்கள் கிளப்பில் வேலை செய்தாலும் ப்ளூம்ஃபீல்டை எனக்குப் பிடிக்கும்" என்றார். அதைக் கேட்டபோது தோல்வியின் கனம் கொஞ்சம் குறைந்தது.

2025 ஜனவரி 15, புதன்

நேற்று அவர் லூட்டனுக்குப் போய்விட்டார். சாம்பியன்ஷிப்பில் கீழே தவித்துக்கொண்டிருக்கும் அணி. எங்களை மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னில் இரண்டாம் இடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்.

காலையிலிருந்து ஃபோனில் ஒரே கோபம். சிலர் துரோகம் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். எனக்கும் வருத்தம்தான், நேற்று இரவு சரியாகத் தூங்கவில்லை. ஆனால் அந்த வார்த்தையை ஏற்க மாட்டேன். பத்தொன்பது வயதில் வந்து, மூளையில் அடி வாங்கும் வரை ஓடியவர். சாம்பியன்ஷிப்பை ஒரு தடவை ஆளில்லாத மைதானங்களில் ஆடிப் பார்த்தார். இப்போது ஆட்கள் நிறைந்த மைதானத்தில் நின்று பார்க்க ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. போகட்டும்.

மாலையில் மகனும் நானும் பூங்காவுக்குப் போனோம். அவனுக்குப் பதின்மூன்று வயது, என் தோளைத் தாண்டிவிட்டான். நான் பந்தை உயரமாக உதைக்க வேண்டும், அவனுடைய இரண்டு நண்பர்கள் எம்ப வேண்டும், அவன் எடுக்க வேண்டும். அதுதான் அவன் கேட்ட பயிற்சி. இருட்டிக்கொண்டு வந்தது, தரை சேறு. பத்துப் பதினைந்து உதைக்குப் பிறகு எனக்கு மூச்சு வாங்கியது. பந்து மேலே போனதும் அவன் ஒரே ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். பிறகு கண்ணை இறக்கி நண்பர்களின் தோளைப் பார்த்தான். அவர்கள் எம்புவதற்குள் வலது பக்கம் நகர ஆரம்பித்திருந்தான்.

"இன்னொண்ணு அப்பா," என்றான். பந்தைத் துடைத்து மறுபடி வைத்தேன்.